உரிமமில்லா ஏந்தலும் கைத்துப்பாக்கி உரிமத்தின் பயனும்

ஐக்கிய அமெரிக்காவின் 29 மாநிலங்களில், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள ஒருவர் தம் கைத்துப்பாக்கியை இடுப்பிலோ கைப்பையிலோ மறைத்து எடுத்துச் செல்ல எந்த உரிமமும் பெற வேண்டியதில்லை (2024 ஜூலை நிலவரம்). இந்த ஏற்பாடு உரிமமில்லா ஏந்தல் எனப்படுகிறது. அரசமைப்பின் இரண்டாம் திருத்தமே போதிய உரிமம் என்று கருதும் ஆதரவாளர்கள் இதை "அரசமைப்பு ஏந்தல்" என்று அழைக்கின்றனர். ஆனால் இந்த 29 மாநிலங்களுள் வெர்மான்ட் ஒன்றைத் தவிர மற்றவை உரிமம் வழங்குவதை நிறுத்திவிடவில்லை. பின்னணியைச் சோதித்து, பல இடங்களில் கட்டணமும் வாங்கிக்கொண்டு, உரிம அட்டையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டாயம் நீங்கிய பிறகும் மக்கள் விண்ணப்பிக்கிறார்கள். தேவையில்லை என்று சட்டமே சொல்லும் ஓர் அட்டைக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

அமெரிக்காவில் துப்பாக்கியை வாங்குவது, வைத்திருப்பது, வெளியே ஏந்திச் செல்வது மூன்றும் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும்; அந்தப் பழக்கத்தில் அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும் நமக்கு முதலில் குழப்பமே மிஞ்சும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. வாசலைத் தாண்டி, ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும்போதுதான் உரிமம் என்ற பேச்சு வந்தது.

மறைத்து ஏந்துவதைப் பழைய தலைமுறையினர் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. கென்டக்கியும் லூசியானாவும் 1813இலேயே அதைத் தடை செய்தன. நேர்மையானவன் ஆயுதத்தை வெளிப்படையாக வைத்திருப்பான், மறைப்பவனே ஐயத்துக்குரியவன் என்பது அக்காலக் கருத்து. நியூயார்க் 1911இல் உரிம முறையைக் கொண்டுவந்தது. அதில் அதிகாரி விரும்பினால் தரலாம், மறுக்கவும் செய்யலாம். 1987இல் புளோரிடா இயற்றிய சட்டம் போக்கை மாற்றியது: தகுதிகள் நிறைவேறினால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் நியூயார்க்கின் பழைய முறையைச் செல்லாததாக்கியது. தகுதியுள்ள அனைவருக்கும் தரப்படும் உரிம முறையை அத்தீர்ப்பு தவறென்று சொல்லவில்லை.

உரிமமே வேண்டாம் என்ற நிலைக்கு மூத்த முன்னோடி வெர்மான்ட். அம்மாநில உச்ச நீதிமன்றம் 1903இல் ரட்லண்ட் நகரின் அனுமதி விதியை நீக்கியதிலிருந்து அங்கே உரிமம் என்பதே கிடையாது. அடுத்து வந்த அலாஸ்கா அதற்கு நூறாண்டு எடுத்துக்கொண்டது (2003). அரிசோனா 2010இல் சேர்ந்தது. பிறகு வேகம் கூடியது. 2021இல் மட்டும் யூட்டா, மொன்டானா, அயோவா, டென்னசி, டெக்சஸ் ஆகியவை சேர்ந்தன. புளோரிடாவும் நெப்ராஸ்காவும் 2023இலும், தென் கரோலினாவும் லூசியானாவும் 2024இலும் வந்தன.

அலாஸ்கா 2003இல் ஒரு முன்மாதிரியை ஏற்படுத்தியது. கட்டாயத்தை நீக்கிவிட்டு, விரும்புவோருக்கான உரிமத்தை அப்படியே வைத்துக்கொண்டது. பின்னால் வந்த மாநிலங்கள் எல்லாம் அந்த வழியிலேயே சென்றன. அதற்கான காரணங்கள் மாநில எல்லைக்கு வெளியிலும், கூட்டாட்சிச் சட்டத்திலும் இருக்கின்றன.

பள்ளி வட்டாரச் சட்டம்

உரிமத்தின் பயன்களுள் மிகக் குறைவாக அறியப்பட்டது இதுவே. மிக முக்கியமானதும் இதுவே என்பது என் கருத்து.

1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கியற்ற பள்ளி வட்டாரங்கள் சட்டத்தை இயற்றியது. 1995இல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது; பள்ளியருகே துப்பாக்கி வைத்திருப்பதற்கும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கும் தொடர்பில்லை, ஆகவே நாடாளுமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை என்றது. மறு ஆண்டே, "மாநிலங்களுக்கிடையே வணிகத்தில் பயணம் செய்த துப்பாக்கி" என்ற சொற்களைச் சேர்த்துச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. ஒரு மாநிலத்தில் செய்து இன்னொரு மாநிலத்தில் விற்கப்படாத துப்பாக்கி அரிது என்பதால், சட்டம் நடைமுறையில் பழைய வலிமையோடு திரும்பி வந்தது.

பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 305 மீட்டருக்குள், துப்பாக்கியுடன் இருப்பது கூட்டாட்சிக் குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. தனியார் இடத்துக்கு விலக்கு உண்டு. தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டியில் வண்டியில் கொண்டுசெல்லவும் விலக்கு உண்டு. இன்னொரு விலக்குதான் நம் பொருளுக்கு உரியது: அந்தப் பள்ளி வட்டாரம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலம் வழங்கிய உரிமம் ஒருவரிடம் இருந்து, உரிமம் தருமுன் அவரது தகுதியைச் சட்ட அமலாக்க அதிகாரிகள் சரிபார்த்திருந்தால், அவருக்குத் தடை இல்லை.

உரிமமின்றி ஏந்தலாம் என்று மாநிலம் சொன்னாலும் இந்த விலக்கு கிடைக்காது. மாநிலச் சட்டம் "உனக்கு உரிமம் தேவையில்லை" என்கிறது, கூட்டாட்சிச் சட்டமோ "உன்னிடம் உரிமம் இருக்கிறதா?" என்று கேட்கிறது.

வகுப்பில் காம்பஸ் பிடித்து வட்டம் வரையச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளியை ஒரு புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டாலும், 305 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.29 சதுர கிலோமீட்டர். வளாகத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்பதால் உண்மைப் பரப்பு இதைவிடக் கூடுதல். ஓர் ஊரில் பத்துப் பள்ளிகள் இருந்தால் சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் இந்த வட்டங்களுக்குள் வந்துவிடும். அதற்குள் கடைத்தெருவும் இருக்கும், நெடுஞ்சாலையும் இருக்கும். இடுப்பில் துப்பாக்கியோடு அலுவலகத்துக்கு வண்டி ஓட்டும் ஒருவர், சாலையோரம் தெரியாத ஒரு தொடக்கப் பள்ளிக்காக நாள்தோறும் இருமுறை கூட்டாட்சிக் குற்றம் புரிந்துகொண்டிருக்கலாம். வேறு குற்றம் எதுவும் இல்லாமல் இதற்காக மட்டும் வழக்குத் தொடுப்பது பரவலாக இல்லை என்பது உண்மை. ஆயினும் சட்டம் ஏட்டில் உயிரோடுதான் இருக்கிறது.

வேறு மாநில உரிமமும் இங்கு உதவாது என்பது கூட்டாட்சித் துப்பாக்கித் துறையின் விளக்கம். வெர்மான்ட் மக்களின் நிலை இதில் விசித்திரமானது. உரிமமே வழங்காத மாநிலத்தில் வாழ்வதால், விரும்பினாலும் அவர்களால் சொந்த ஊர்ப் பள்ளியருகே இந்த விலக்கைப் பெற முடியாது. மிகத் தாராளமான மாநிலத்தின் குடிமக்களே இந்த ஒரு விஷயத்தில் மிகவும் கைகட்டப்பட்டவர்கள். மொன்டானா வேறொரு வழியை முயன்றது: கொடிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்படாத ஒவ்வொருவரும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்காக மாநிலத்தால் உரிமம் பெற்றவராகவே கருதப்படுவார் என்று தன் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆள் ஆளாகச் சரிபார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வரியில் உரிமம் தருவது கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் சரிபார்ப்பு ஆகுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

எல்லை தாண்டும்போது

ஓட்டுநர் உரிமம் ஒரு மாநிலத்தில் வாங்கினால் நாடு முழுதும் செல்லும். துப்பாக்கி உரிமம் அப்படியல்ல. எந்த மாநில உரிமத்தை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. இது பரஸ்பர அங்கீகாரம் எனப்படுகிறது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவை எந்த வெளிமாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. உரிமம் கேட்கும் வேறு சில மாநிலங்கள் பிற மாநில உரிமத்தை ஏற்கும். ஆனால் அங்கே காட்டுவதற்குக் கையில் ஓர் உரிமம் இருக்க வேண்டும். "எங்கள் ஊரில் தேவையில்லை" என்ற பதில் எல்லைக்கு அப்பால் செல்லாது.

வெர்மான்ட் மக்கள் இதற்காகவே புளோரிடா, யூட்டா போன்ற மாநிலங்கள் வெளியாருக்கு வழங்கும் உரிமத்தை நாடுவதுண்டு. தம் மாநில உரிமத்துக்கு வெளியே மதிப்புக் கூட வேண்டும் என்பதற்காகச் சில மாநிலங்கள் இரண்டு தர உரிமங்களை வைத்துள்ளன. ஐடஹோவில் சாதாரண உரிமம் உண்டு. எட்டு மணி நேர வகுப்பும் 98 தோட்டாக்கள் சுடும் பயிற்சியும் முடித்தால் மேம்பட்ட உரிமம் உண்டு. மேம்பட்டதைக் கூடுதலான மாநிலங்கள் ஏற்கின்றன. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநிலப் பொதுக் கல்லூரி வளாகங்களில் மறைத்து ஏந்தவும் அது வழி செய்கிறது. டென்னசியும் இப்படி இருவகை வைத்திருக்கிறது: ஒன்றுக்கு எட்டு மணி நேர வகுப்பு, மற்றொன்றுக்கு இணையவழியில் ஒன்றரை மணி நேரப் பாடமே போதும்.

எல்லைக் கோட்டின் விலை என்ன என்பதற்கு 2013இல் நடந்த ஒரு வழக்கு எடுத்துக்காட்டு. பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த, இரு குழந்தைகளின் தாயான ஓர் இளம்பெண் பென்சில்வேனியாவில் முறைப்படி உரிமம் பெற்றவர். நியூ ஜெர்சியில் சாதாரணப் போக்குவரத்துச் சோதனைக்காகக் காவலர் வண்டியை நிறுத்தியபோது, துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று அவரே முன்வந்து சொன்னார். அந்த உரிமம் ஆற்றுக்கு அக்கரையில் செல்லாது என்பது அவருக்குத் தெரியவில்லை. கைது செய்யப்பட்டார். குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை. பெரும் எதிர்ப்புக்குப் பின் வழக்கு மாற்றுத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். உரிமம் வைத்திருந்தவருக்கே இந்தக் கதி. உரிமம் என்ற சொல்லையே கேட்டிராமல் வளரும் தலைமுறை, எல்லை தாண்டும்போது சட்டம் மாறும் என்பதை எங்கே கற்கும்? உரிம வகுப்புகளில் சட்டப் பாடம் ஒரு பகுதியாக இருப்பதன் மதிப்பு இங்கே தெரிகிறது.

துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, பூட்டி, கைக்கெட்டாதபடி வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தைக் கடந்து செல்வதற்கு மட்டும் 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஏந்திச் செல்வதற்கு அது உதவாது. உரிமங்களை நாடு முழுதும் ஏற்கச் செய்யும் மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் 231–198 என்ற வாக்குகளில் நிறைவேறியது. மேலவை அதை எடுத்துக்கொள்ளவில்லை.

டெக்சஸ்: ஒரே கடை, மூன்று பலகைகள்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் உரிமம் கட்டாயமில்லை. அதற்கு முன்பிருந்த உரிமம் அப்படியே தொடர்கிறது: கட்டணம் 40 டாலர், நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரங்களிலிருந்து மொத்தம் 50 குண்டுகள் சுட்டுக் காட்டும் தேர்வு.

இந்த அட்டையின் பயன் கடைவாசலிலேயே தெரியும். டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.05ஆம் பிரிவின்படி வைக்கப்படும் பலகை, உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவோரை உள்ளே வராதே என்கிறது. அது உரிமம் உள்ளவரைத் தடுக்காது. உரிமம் உள்ளவர் மறைத்து ஏந்தி வருவதையும் தடுக்க வேண்டுமானால் 30.06 பலகை வைக்க வேண்டும். வெளிப்படையாக ஏந்தி வருவதைத் தடுக்க 30.07 பலகை. இவற்றின் வாசகத்தைச் சட்டமே வரையறுத்துள்ளது. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே மூன்றும் வேண்டும் என்று நினைக்கும் கடைக்காரரின் கண்ணாடிக் கதவில் அரைச் செய்தித்தாள் அளவுக்கு எழுத்து நிறைந்திருக்கும். 30.05 மட்டும் உள்ள கடைக்குள் அட்டை உள்ளவர் போகலாம், இல்லாதவர் போகக் கூடாது. மாநிலமே உரிமம் வேண்டாம் என்று சொன்ன பிறகும், கடைக்காரர்கள் பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்துப் பார்க்க விரும்புவார்கள் என்பதைச் சட்டமியற்றியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றே இதை நான் படிக்கிறேன்.

பல்கலைக்கழகங்களிலும் இப்படியே. டெக்சஸின் பொதுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 முதல் உரிமம் உள்ளவர்கள் மறைத்து ஏந்தலாம். ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்ற நாளின் சரியாக ஐம்பதாம் ஆண்டு நிறைவு அது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வளாக உரிமையை உரிமம் இல்லாதவர்களுக்கு நீட்டிக்கவில்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் உரிமம் உள்ளவருக்குத் தனி நுழைவு வரிசை உண்டு. துப்பாக்கியே இல்லாத சிலர், சோதனை வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக உரிமம் வாங்கிய வேடிக்கையும் அங்கே நடந்திருக்கிறது.

அட்டை திறக்காத கதவுகளும் டெக்சஸில் உண்டு. வருவாயில் 51 விழுக்காடு அல்லது அதற்கு மேல் அங்கேயே குடிக்கப்படும் மதுவிலிருந்து வரும் கடை என்றால், சிவப்பில் எழுதிய "51%" பலகை எல்லோருக்கும் பொதுவான தடை.

வாங்கும்போது

1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணி தேசியத் தகவல் முறைமையில் சோதிக்கப்படுகிறது. முறைமை 1998 நவம்பரில் செயலுக்கு வந்தது. சில மாநில உரிமங்களைக் கூட்டாட்சித் துறை இந்தச் சோதனைக்கு மாற்றாக ஏற்கிறது. டெக்சஸ் உரிமம் அவற்றுள் ஒன்று. உரிமம் தரும்போதே முழுச் சோதனை நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இது சரிவர நடக்கவில்லை என்று கண்டதால் அலபாமாவுக்கு 2019இலும் மிச்சிகனுக்கு 2020இலும் இந்தத் தகுதி நீக்கப்பட்டது. புளோரிடாவில் கைத்துப்பாக்கி வாங்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது மாநில அரசமைப்பிலேயே உள்ள விதி. மறைத்து ஏந்தும் உரிமம் உள்ளவருக்கு அது பொருந்தாது.

சரிபார்ப்பு என்ற பயன்

உரிமமில்லா ஏந்தல் என்றால் யார் வேண்டுமானாலும் ஏந்தலாம் என்று பொருளல்ல. கடுங்குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், போதைப்பொருள் பயன்படுத்துபவர் ஆகியோர் துப்பாக்கியைத் தொடவே கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிக் கணக்கில் அது தடைப்பொருள்தான். உரிம முறையில், விண்ணப்பித்தவருக்குத் தகுதி உண்டா என்பதை அரசு பார்த்துச் சொல்லும். அது இல்லாத முறையில் அந்தப் பொறுப்பு முழுவதும் தனி ஆளின் தலையில் விழுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இளம் வயதில் ஒப்புக்கொண்ட ஒரு வழக்கு தம்மைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறதா என்பதைப் பலர் அறியமாட்டார்கள். உரிமம் மறுக்கப்பட்டால் வருத்தத்தோடு போகும்; தெரியாமல் ஏந்திப் பிடிபட்டால் சிறையில் முடியும்.

டெக்சஸ் மசோதாவின்போது பெருநகரக் காவல் தலைவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்ததற்கும் இதுவே ஒரு காரணம். சாலையில் நிறுத்தப்படும் வண்டியில் துப்பாக்கி தெரிந்தால், அவர் தகுதியுள்ளவரா தடைபட்டவரா என்பதைக் காவலர் அறிய எளிய வழி உரிம அட்டை. அட்டையைக் காட்டுபவர், தாம் சோதிக்கப்பட்டவர் என்பதை ஒரு நொடியில் மெய்ப்பிக்கிறார்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் பள்ளி உணவகத்தில் பணியாற்றிய 32 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவர், வண்டி நிறுத்தப்பட்டபோது தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் பணிவாகவே சொன்னார். முறையான உரிமம் பெற்றவர் அவர். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. சுட்ட காவலர் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டும் வரை காவலர் பொறுத்தால்தான் அட்டைக்குப் பயன்.

பயிற்சியைப் பொறுத்தவரை, கட்டாயம் நீங்கியதும் வகுப்புக்கு வருவோர் தாமாக விரும்பி வருவோர் மட்டுமே. பயிற்சி அதிகம் தேவைப்படுபவர் அவர்களுள் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

தமிழ் மாணவர்களும் பணியாளர்களும்

டெக்சஸ், ஜார்ஜியா, அரிசோனா, ஒஹாயோ போன்ற உரிமமில்லா மாநிலங்களில் தமிழ்நாட்டு மாணவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் வாழ்கின்றனர். "இங்கே யாருக்கும் உரிமம் தேவையில்லை" என்ற பேச்சை நம்பித் துப்பாக்கி வாங்கவோ, நண்பருடையதைக் கையில் எடுக்கவோ முற்படுவது ஆபத்து. மாணவர் விசா, பணி விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுத் தடை உண்டு. அமெரிக்காவில் முறைப்படி பெற்ற வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உள்ளன. நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மீறினால் தண்டனை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 15 ஆண்டு வரை.

புளோரிடாவில் மாணவர் விசாவில் படித்த ஐக்கிய அரபு அமீரக இளைஞர் ஒருவர், மதிப்பெண் குறைவால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் நாட்டிலேயே தங்கி, துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குச் சென்று சுட்டார். அதற்காக 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2019இல் உச்ச நீதிமன்றம், தாம் சட்டப்படி தங்கியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் தெருவில் ஏந்தித் திரியவில்லை. கட்டணம் செலுத்தி, கூடத்தின் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டதே வழக்காயிற்று.